மலைப் பாட்டும் பல்லியமும்

கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கும் மலாயாவின் பிற தோட்டங்களிலும் உழைக்க வந்த தமிழர், தப்பையும் உறுமியையும் நாட்டுப் பாடல்களையும் உடன் கொணர்ந்தனர். இத்தகைய பாட்டு, மேனாட்டார் சிம்பொனி என வழங்கும் பல்லிய இசையுள் புகுதல் கூடுமா? புகுந்தபின் அதன் தமிழ்த்தன்மை நிலைக்குமா? (பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் பல்லியம் என்றனர் முன்னோர், நல்ல சொல்லை வழக்கொழிய விட்டோம்.)

இவ்வினாவிற்கு விடை தேட இளையராஜாவிடம் செல்லவேண்டும். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், பதினான்காம் அகவையில் தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவிற் சேர்ந்தார். கேமரன் மலையைப் போன்றே தமிழர் கொழுந்து பறித்த தேவிகுளம் மலையில், 1958-ஆம் ஆண்டு இடைத்தேர்தலின்போது தொழிலாளரிடையே பாடிப் பெயர்பெற்றவர் அப்பாவலர். பிற்காலத்தே இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசையை முறையாகக் கற்றார்.

இரண்டையும் இணைப்பதில் இடர் யாது? தாளம் இடரன்று, தப்பின் அடியை எக்கருவியும் ஏற்கும். இடர் பண்ணிலேதான். மேனாட்டிசையில் பல சுரங்கள் ஒருங்கே ஒலித்து இனிமை தருகின்றன. அதற்கு ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாது நிற்றல் வேண்டும். நமக்கோ அசைவே உயிர். காந்தாரத்தை அசைக்காமற் பாடினால் தோடி ஏது? அசையும் சுரத்தின்கீழ் அசையாச் சுரக்கூட்டத்தை வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

துருக்கியரும் இவ்விடரைக் கண்டனர். ‘மகாம்’ எனப்படும் அவர்தம் பண்களில் பியானோவில் இல்லாத நுண்சுரங்கள் உண்டு. 1936-இல் ஹங்கேரியரான பார்டோக்குடன் அனத்தோலியாவில் நாட்டுப் பாடல் திரட்டிய அட்னான் சைகுன், ‘யூனுஸ் எம்ரே’ என்னும் பழங்கவிஞரின் பாடல்களைக் குழுப்பாடலும் பல்லியமும் கூடிய பெரும்படைப்பாக 1946-இல் அரங்கேற்றினார்.

இளையராஜா கைக்கொண்ட வழிகளுள் ஒன்று, சுரக்கூட்டத்தைக் குறைத்து, இரண்டு மூன்று இசையோட்டங்களைத் தத்தம் போக்கில் ஒருங்கே செலுத்துவது. ‘கவுண்டர்பாயிண்ட்’ என்பர். புரிகளை முறுக்கிக் கயிறு திரிப்பது போன்றது அது. புரி தனி, கயிறு ஒன்று. 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராசருக்கும் செருமானியரான பாக்குக்கும் உரித்தாக்கினார். பாக்கின் வயலின் இசை ஓட, நம் முறை வயலின் கமகம் குன்றாமல் தன் வழியே செல்வதை அதிற் கேட்கலாம். 2005-இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் பல்லியத்தாரோடு அமைத்தார். 2025 மார்ச் 8-இல் ‘வேலியண்ட்’ சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. ஆயினும் இவ்விணைப்பின் நுட்பம் விளங்க, பழைய 1986-ஆம் ஆண்டுத் தொகுப்பே ஏற்றது என்பது என் கருத்து. வகுப்பில் அதனை ஒலிக்கச் செய்து, முதன்முறை ஒரு வயலினையும் மறுமுறை மற்றதனையும் மட்டும் மாணவர் செவி தொடர்ந்து செல்லுமாறு ஆசிரியர் பணிக்கலாம்.