லென்ஸ் மேல் பழி போடும் முன்

பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றில் டிஸ்க் ஓடாவிட்டால் உடனே கிடைக்கும் தீர்ப்பு, "லென்ஸ் போயிருச்சு." பல நேரம் இது அவசரத் தீர்ப்பாகிவிடுகிறது. டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும் பிடி, அதைச் சுழற்றும் மோட்டார், லென்ஸை உள்ளும் புறமும் நகர்த்தும் தண்டு, மூடி மூடியிருக்கிறதா என்று உணரும் சுவிட்ச், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பலகை ஆகியவை ஒன்றாக இயங்கினால்தான் டிஸ்க் ஓடும். இவற்றில் எது தளர்ந்தாலும் திரையில் வருவது ஒரே செய்தி: டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்பதைக் கருவியின் ஒலியும் அசைவும் காட்டிக்கொடுக்கும். அதை வரிசையாகக் கவனித்தால் நல்ல லென்ஸைக் கழற்றி எறிய வேண்டியிராது.

2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்றது. இந்தியாவில் அதன் ஆயுள் நீண்டது. ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற ஆட்டம் இதற்காக வெளியானதே 2009இல்தான். 2013 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோனது. இன்று கைமாறும் எந்தக் கருவியும் பன்னிரண்டு வயதைத் தாண்டியது.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே உள்ள கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களுக்கு இக்கருவி வர இரண்டு வழிகள் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் திருச்சி விமான நிலையம் வழியாகக் கொண்டுவருவது ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்குவது மற்றொன்று. கந்தர்வக்கோட்டை வட்டாரம் செம்புறாங்கல் பூமி. கோடையில் கிளம்பும் செம்மண் புழுதி சன்னல் கம்பி முதல் மின்விசிறி இறக்கை வரை படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே புழுதி ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும். லென்ஸுக்கும் இதே கதிதான்.

டிஸ்க்கைப் படிக்கும் விதம்

12 சென்டிமீட்டர் அகல டிஸ்க்கில் தகவல், மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சுருள்வட்டமாக ஓடும் ஒரே பாதையில் பதிந்திருக்கிறது. சிடியில் பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரும், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும் தேவை. பிளேஸ்டேஷன் 2இல் இரண்டும் உண்டு.

கோளாறைப் பிரித்தறிய இது மிகவும் உதவும். இக்கருவிக்கான டிஸ்க்கின் அடிப்பக்கம் நீலமாக இருந்தால் அது சிடி. வெள்ளியாக இருந்தால் டிவிடி. முதல் பிளேஸ்டேஷனின் கறுப்பு டிஸ்க்குகளும் சிடியே. நீலமும் கறுப்பும் ஓடி வெள்ளி மட்டும் ஓடாவிட்டால், மோட்டாரும் தண்டும் பெரும்பாலும் சரி; சந்தேகம் டிவிடி லேசர் பக்கம் திரும்ப வேண்டும். 'காட் ஆஃப் வார் 2' போன்ற இரட்டை அடுக்கு டிவிடியில் திரும்பிவரும் ஒளி இன்னும் குறைவு. லேசர் வலுவிழக்கும்போது முதலில் தடுமாறுவது இவைதான்.

முதல் சில வினாடிகள்

டிஸ்க்கைப் போட்டதும் கருவி ஒரு ஒழுங்கில் இயங்குகிறது. முதலில் லென்ஸ் மையத்துக்கு அருகே நகர்ந்து நிற்கும். அடுத்து, மெல்லிய கம்பிகளில் தொங்கும் அந்த லென்ஸ் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, எந்த உயரத்தில் டிஸ்க் தெளிவாகத் தெரிகிறது என்று தேடும். தெளிவு கிடைத்ததும் டிஸ்க் வேகமெடுக்கும். பிறகு பாதையைப் பிடித்து, உள்விளிம்பில் உள்ள பொருளடக்கத்தைப் படிக்கும்.

மேல்மூடி திறக்கும் மெலிந்த மாடல்களில் மூடிச் சுவிட்சுகளைக் குச்சியால் அழுத்திப் பிடித்தால் இதைக் காணலாம். பக்கவாட்டில் ஒரு முழத் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். லேசரை மேலிருந்து நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. சிடி லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் ஆபத்து கூடுதல்.

லென்ஸ் அசையவே இல்லை என்றால் அதற்குச் செல்லும் தட்டை வயர் கழன்றிருக்கலாம். ஏறி இறங்கிவிட்டு டிஸ்க் சுழலாமல் நின்றால் லென்ஸில் அழுக்கு, அல்லது லேசரில் வலுவில்லை. டிஸ்க் வேகமெடுப்பதும் தணிவதுமாக மாறிமாறி ஒலித்தால் பாதை பிடிபடவில்லை. லென்ஸ் மைய முனையில் போய் 'டக் டக்' என்று இடித்தால், எல்லைக்கு வந்துவிட்டதைச் சொல்லும் சிறு சுவிட்ச் வேலை செய்யவில்லை.

முதல் சோதனை டிஸ்க்குக்கே

ஒரே ஆட்டம், ஒரே கட்டத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால் பழுது டிஸ்க்கில். வெவ்வேறு ஆட்டங்கள் வெவ்வேறு இடங்களில் நின்றால் பழுது கருவியில். கருவியைத் திறக்காமலே இந்த ஒன்றை உறுதி செய்துகொள்ளலாம்.

கீறல்களிலும் வேறுபாடு உண்டு. சிடியில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளத் தகவல் அழிந்தாலும், மீதியை வைத்து அதைக் கணக்கிட்டு மீட்கும் ஏற்பாடு உள்ளது. மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் பாதையைக் குறுக்கே வெட்டுவதால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே கெடும். வட்டக் கீறல் பாதையோடு சேர்ந்து ஓடி, தொடர்ச்சியாக நிறைய அழித்துவிடும். அதனால்தான் டிஸ்க்கை மையத்திலிருந்து வெளிநோக்கித் துடைக்க வேண்டும்; சுற்றித் துடைக்கக் கூடாது. சிடியின் தகவல் படலம் படம் அச்சிட்ட மேற்பக்கத்துக்கு அடியிலேயே இருப்பதால், அங்கே விழும் கீறல் திருத்த முடியாதது. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

புதிதாக ஒரே வட்டத்தில் கீறல் விழத் தொடங்கினால் உடனே கருவியை நிறுத்த வேண்டும். மெலிந்த மாடல்கள் சிலவற்றில் லென்ஸின் தட்டை வயர் மேலெழும்பி, சுழலும் டிஸ்க்கை உரசுவது அறியப்பட்ட குறை. அதைக் கவனிக்காமல் போடப்படும் ஒவ்வொரு டிஸ்க்கும் பாழாகும்.

கோளாறு போலத் தோன்றுபவை

டிஸ்க் சுழன்று, சிவப்புத் திரை வந்து, சரியான டிஸ்க்கைப் போடச் சொன்னால் அது கருவி பழுதானதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என வட்டாரம் பிரித்தே ஆட்டங்கள் வெளியாயின. சிங்கப்பூரில் விற்ற கருவி ஜப்பான் வட்டாரத்தோடு சேர்ந்தது. ஐரோப்பிய டிஸ்க்கை ஏற்காது. நகல் டிஸ்க்கையும் கருவி இயல்பாக மறுத்துவிடும். நகலும் ஓடுவதற்காகச் 'சிப் போட்ட' கருவியில் அசல் ஓடி நகல் மட்டும் ஓடாவிட்டால், நகலின் தரத்தையும் சிப்பின் பற்றவைப்பையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம்

டிஸ்க் வேகமெடுக்கும் கணத்தில் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். சரியாக அந்தக் கணத்தில் கருவி அணைந்தாலோ, மீண்டும் தொடக்கத்துக்குப் போனாலோ அடாப்டரைச் சோதிக்க வேண்டும். மெலிந்த மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது 8.5 வோல்ட்; பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறு அடாப்டரைச் செருகக் கூடாது. ஜப்பானில் விற்ற தடித்த மாடல் 100 வோல்ட்டுக்கானது; நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துவிடும். சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான் என்பதால் அங்கிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை. 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் ஆட்டத்தின் நடுவே தானாக மீண்டும் தொடங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், மின்பலகையின் ஊசிமுனைகளில் படிந்த களிம்பு. அதற்கும் லென்ஸுக்கும் தொடர்பில்லை.

புழுதியும் பழைய கிரீஸும்

மின்சாரமும் டிஸ்க்கும் சரியென்றால் அடுத்தது சுத்தம் செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரே திறக்க வேண்டும். தடித்த மாடலின் மின்பலகையில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது.

லென்ஸ் என்பது பயறளவே உள்ள பிளாஸ்டிக் குமிழ். காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு போதும். அழுத்தாமல், பஞ்சின் எடை மட்டும் படும்படி ஒரு சுற்று சுற்றி, உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சில் செம்பழுப்புக் கறை ஏறினால் பாதி வேலை முடிந்தது. தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கை மங்கச் செய்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும்.

லென்ஸ் நகரும் தண்டில் ஆலையில் பூசிய கிரீஸ், ஆண்டுகள் ஆக ஆகப் புழுதியோடு குழைந்து பசையாக இறுகும். ஆட்டம் பாதிவரை ஓடிவிட்டு, விளிம்புப் பகுதியைத் தேடும்போது மட்டும் நின்றால் இதுவே காரணமாக இருக்கலாம். பழைய பசையை முழுவதும் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை கிரீஸை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். தையல் மிஷின் எண்ணெய் வழிந்து லென்ஸில் ஏறும். இரண்டும் ஆகாது.

தேய்மானமும் சூடும்

படுக்கவைத்தால் ஓடாத கருவி நிமிர்த்தி வைத்தால் ஓடுகிறது என்றால் ஏதோ தேய்ந்திருக்கிறது. 1994 டிசம்பரில் வந்த முதல் பிளேஸ்டேஷனின் தொடக்க மாடல்களில் லென்ஸைத் தாங்கிய பிளாஸ்டிக் பகுதி தேய்ந்து, லென்ஸ் சாய்ந்தது. பலரும் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடியது இதனால்தான். மின்பலகையின் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்த லென்ஸை நிறுவனம் பிந்தைய மாடல்களில் எதிர்ப்புறம் மாற்றியது.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் தடுமாறினால் விசிறியும் காற்றுத் துளைகளும் புழுதியால் அடைபட்டிருக்கக்கூடும். மெலிந்த மாடலில் ஆட்டத்தின் நடுவே மூடியைத் திறந்ததுபோல டிஸ்க் நின்றால் மூடிச் சுவிட்சு தளர்ந்திருக்கிறது. அசைபடக் காட்சி மட்டும் திக்கித் திணறுவது தொடக்கநிலை எச்சரிக்கை: டிரைவ் சில இடங்களை இரண்டு மூன்று முறை படித்துச் சமாளிக்கிறது என்று பொருள்.

கடைசியாக லென்ஸ்

இத்தனையும் பார்த்த பிறகுதான் லென்ஸின் முறை. லென்ஸ் பகுதியில் உள்ள சிறு திருகைத் திருப்பி லேசரின் வலுவைக் கூட்டும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அது ஓடச் செய்யும்; ஆனால் மிச்சமிருக்கும் ஆயுளைக் குறைக்கும். செய்தே ஆக வேண்டுமானால், முதலில் மல்டிமீட்டரில் பழைய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுவதென்றால் மாடலுக்குரிய லென்ஸே வேண்டும். தடித்த மாடல்கள் பலவற்றுக்குக் கேஎச்எஸ்-400 வகை, பிந்தைய மெலிந்த மாடல்களுக்குப் பிவிஆர்-802டபிள்யூ. நிலைமின்னிலிருந்து காப்பதற்காகப் புதிய லென்ஸில் இரு முனைகளை ஈயத்தால் இணைத்து அனுப்புவது வழக்கம். பொருத்திய பின் அதை உருக்கி எடுக்க மறந்தால் புது லென்ஸும் ஓடாது. பழைய லென்ஸின் கம்பிச்சுருள் கருகியிருந்தால், அதை இயக்கும் சில்லைச் சோதிக்காமல் புதியதைப் பொருத்தக் கூடாது, அதுவும் கருகிவிடும்.

பழைய கருவியை வாங்குபவர் ஒரு நீல டிஸ்க், ஒரு வெள்ளி டிஸ்க், முடிந்தால் ஓர் இரட்டை அடுக்கு டிஸ்க் கொண்டுபோவது நல்லது. மூன்றையும் போட்டு, ஒன்றையாவது அரைமணி நேரம் விடாமல் ஓடவிட்டு, படுக்கையிலும் நிமிர்விலும் பார்த்துவிட்டால் டிரைவின் நிலை பெரும்பாலும் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் கருவி ஆறியதும் ஒரு பருத்தித் துணியால் மூடிவைத்தால் செம்மண் புழுதி உள்ளே இறங்காது. ஆலைகள் செய்வதை நிறுத்திவிட்ட கருவி இது. கழற்றி எறியப்படாமல் பிழைக்கும் ஒவ்வொரு நல்ல லென்ஸும் ஒரு கருவியின் ஆயுளை நீட்டுகிறது.