வாரிசுரிமை வழக்கு வட்ட நீதிமன்றத்துக்கு வரட்டும்: நாம் கேட்க மறந்த இரு சட்டப் பிரிவுகள்

குமாரபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளி ஒருவர் இறந்துவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அருந்ததியர் குடியிருப்பில் ஒரு வீடு, வங்கியில் சிறு சேமிப்பு, தறி உரிமையாளர் தர வேண்டிய கூலி பாக்கி ஆகியவையே அவர் விட்டுச்சென்றவை. வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு அவருடைய மனைவி வங்கிக்குச் செல்கிறார். இறந்தவரின் தம்பி ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருப்பதால், நீதிமன்றச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், காவிரிக் கரையில் இருக்கும் அந்தப் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகர் சென்று திரும்ப வேண்டுமா என்பதே நம் கேள்வி.

முதலில் இரு சான்றிதழ்களையும் பிரித்தறிவோம். வாரிசுச் சான்றிதழ் என்பது இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்று வருவாய்த் துறை தரும் பட்டியல். பட்டா மாற்றம் போன்றவற்றுக்கு அது உதவும். இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வைப்புத்தொகை, பங்குப் பத்திரம் ஆகியவற்றை வசூலிக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் வழங்குவது இறங்குரிமைச் சான்றிதழ். நீதிமன்ற வளாகங்களில் இதனை 'சக்சஷன் சர்டிபிகேட்' என்பார்கள். உயில் இருந்தால் அதன் உண்மையை நீதிமன்றம் உறுதிசெய்து தருவது 'புரொபேட்'. இவ்விரண்டையும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அடிப்படையில் மாவட்ட நீதிபதியின் அதிகாரத்தில் வைத்திருக்கிறது.

ஆனால் அதே சட்டம் இரு வாயில்களையும் திறந்து வைத்திருக்கிறது. முதலாவது, பிரிவு 265. மாவட்ட நீதிபதியின் சார்பில் புரொபேட் வழங்க, மாவட்டத்துக்குள் உள்ள நீதித்துறை அலுவலர்களை உயர் நீதிமன்றம் நியமிக்கலாம். 'மாவட்டப் பிரதிநிதிகள்' என்று அவர்களைச் சட்டம் அழைக்கிறது. எதிர்ப்பு இல்லாத மனுக்களை மட்டுமே அவர்கள் தீர்க்க முடியும். அரச சாசனத்தால் நிறுவப்படாத உயர் நீதிமன்றங்கள் இதற்கு மாநில அரசின் முன் ஒப்புதலைப் பெற வேண்டும். 1862இல் சாசனத்தின்வழி தோன்றிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது, பிரிவு 388. மாவட்ட நீதிபதிக்குக் கீழுள்ள எந்த நீதிமன்றத்துக்கும் இறங்குரிமைச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை மாநில அரசு அரசிதழ் அறிவிக்கையால் அளிக்கலாம். அங்கே மறுக்கப்பட்டால் மேல்முறையீடு மாவட்ட நீதிபதியிடமே செல்லும். சென்னை வரை போக வேண்டியதில்லை. ஆகவே நம் கோரிக்கைக்கு இரு முகவரிகள் உண்டு: புரொபேட்டுக்கு உயர் நீதிமன்றம், சான்றிதழுக்கு மாநில அரசு.

சேலம், நாமக்கல்லில் உள்ள இந்து ஒருவர் இங்குள்ள சொத்தைக் குறித்து எழுதும் உயிலுக்குப் புரொபேட் கட்டாயமாக இருந்ததில்லை. சென்னை போன்ற மாநகரங்களுக்கு என வகுக்கப்பட்ட கட்டாயம் அது. கட்டாயம் இல்லாதபோது இதை ஏன் கேட்க வேண்டும் என்று தோழர்கள் வினவலாம். உயிலை மெய்ப்பிக்க, கையொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவரேனும் உயிரோடு இருந்தால் அவரை நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்பது பொதுவிதி. நம் குடியிருப்புகளில் உயிலுக்குச் சாட்சி போடுபவர் பெரும்பாலும் அதே தெருவின் முதியவர். நிலத்தை மகளுக்கு எழுதி வைத்த தாயின் உயிலைப் பத்தாண்டு கழித்து ஒருவர் மறுக்கும்போது, அந்த முதியவர் இருக்கமாட்டார். அருகிலுள்ள நீதிமன்றத்தில் உடனே புரொபேட் பெற்றுவிட்டால் அவருடைய சாட்சியம் நிலைத்துவிடும். தொலைவும் தாமதமும் ஆதாரத்தையே அழிக்கின்றன. வசதியற்றவரின் ஆதாரம் முதலில் அழிகிறது.

நியமனம் மட்டும் போதாது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். பிரிவு 286இன்படி, எதிர்ப்பதற்காக ஒருவர் நேரிலோ வழக்குரைஞர் மூலமாகவோ முன்னிலையானாலே அது 'எதிர்ப்பு' ஆகிவிடும். உடனே பிரிவு 288இன்படி மனு திருப்பித் தரப்பட்டு, மாவட்ட நீதிபதியிடம் புதிதாகத் தாக்கல் செய்யப்பட வேண்டும். நிலத்தின் மீது கண் வைத்த ஒருவர் உறவினர் ஒருவரைத் தூண்டிவிட்டால் போதும், ஏழை மகள் மறுபடியும் மாவட்டத் தலைநகருக்கு அலைய நேரும். எதிர்ப்பவர் தமது உரிமையையும் காரணத்தையும் எழுத்தில் தந்த பிறகே மனு இடம் மாற வேண்டும். அப்போதும் ஆவணங்களை நீதிமன்றமே நேரடியாக அனுப்ப வேண்டும். வாரிசுரிமை அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் தமிழ்நாடு சட்டமன்றமே இத்திருத்தத்தைச் செய்ய இயலும்.

அதிகாரம் கீழே இறங்குவதில் இன்னொரு பொருளும் உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தில் இடஒதுக்கீடு இல்லை. தேர்வாணையம் வழியாகத் தேர்வாகும் உரிமையியல் நீதிபதிகளுக்கு உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த அருந்ததியர் உள்ஒதுக்கீடும் அதில் அடங்கும். நம் மக்களின் வாழ்வை அறிந்தவர் நீதிபதி இருக்கையில் அமரும் வாய்ப்பு அந்த அடுக்கில்தான் கூடுதல்.

இனிச் செய்ய வேண்டியவை. உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த நீதிமன்றங்களுக்குப் பிரிவு 265, 388 அதிகாரங்கள் தரப்பட்டுள்ளன, கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை மனுக்கள் வந்தன, ஒவ்வொன்றும் முடிய எவ்வளவு காலம் ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ஆத்தூர், சங்ககிரி, இராசிபுரம், திருச்செங்கோடு என ஊர்வாரியாக விடைகளைத் திரட்டினால், கோரிக்கை மனுவுக்கு அதுவே அடித்தளம். வழக்கு நடத்த வழியில்லாதவர்களிடம், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12இன்படி பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதைச் சொல்லுங்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.

நிலத்துக்காகவும் கூலிக்காகவும் நாம் நெடுங்காலம் போராடி வருகிறோம். அப்படிப் பெற்றது அடுத்த தலைமுறையின் கைக்குச் சேதமின்றிச் சேர்வதும் அதே போராட்டத்தின் பகுதிதான்.