அலாரம் வைக்காத ஞாயிற்றுக்கிழமையிலும் அதே நேரத்துக்கு விழிப்பு வருவது ஏன்?

மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட சின்னஞ்சிறு திரள் அது.

எப்படி ஓடுகிறது? ஒவ்வொரு செல்லும் சில புரதங்களைத் தயாரிக்கிறது. அவை சேரச் சேர, தம்மை உருவாக்கும் மரபணுக்களையே நிறுத்திவிடும். பிறகு மெல்லச் சிதையும். குறைந்ததும் மறுபடி உற்பத்தி. மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மிதவை குழாயை அடைப்பதும், தண்ணீர் இறங்கினால் திறப்பதும் போலத்தான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நீங்கள் எழுவதற்கு முன்பே இந்தக் கடிகாரம் உடல் வெப்பத்தையும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவையும் உயர்த்தத் தொடங்கிவிடும்.

இதைத் தினமும் சரியாகத் திருப்பி வைப்பது காலை வெளிச்சம். இரவில் முகத்தருகே ஒளிரும் செல்போனோ அதைப் பின்தள்ளும். தூக்கம் தள்ளிப்போகிறதா? காலை வெயிலில் கொஞ்சம் நடந்து பாருங்கள்.