கப்பல் பெரிது, அறை சிறிது

கடற்பிரயாணம் நம்மவர்க்குப் புதிதன்று. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜுலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! 1926 இல் கட்டப்பெற்று 1970களின் தொடக்கம் வரை ஓடிய அக்கப்பலில் ஏறியவர்களிற் பெரும்பாலோர் டெக்குப் பிரயாணிகள். தளத்தின்மேல் பாய் விரித்த இடமே அவர்களுக்கு அறை. தலைமாட்டில் வைத்த தகரப்பெட்டியே சுவர். அது பிழைப்பைத் தேடிச் சென்ற பிரயாணம். இன்றோ, பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து வடபுலத்து நகரங்களில் வேரூன்றிய நம் குடும்பங்களிற் சில, ஓய்வுக்காகக் கப்பல் ஏறத் தொடங்கியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் மும்பையிலிருந்து புறப்படத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. அதுமுதல் நம் சங்கத்தில் கப்பற்பேச்சு ஓய்ந்தபாடில்லை.

அன்பர்கள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றே: "எந்தக் கப்பல் பெரிய கப்பல்?" நாமோ ரயில்வே குமாஸ்தா. ஆயினும், டிக்கெட் என்று பெயர் பெற்ற எதுவும் நம் இலாகாவைச் சேர்ந்ததே என்று கருதுவது அவர்களது அன்பு. அந்த அன்புக்குக் கடன்பட்டு இது பற்றிச் சிறிது படித்தும், போய் வந்தவர்களை விசாரித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கேட்கவேண்டிய வினா, கப்பல் எவ்வளவு பெரிது என்பதன்று. நமக்குக் கொடுக்கும் அறை எவ்வளவு பெரிது, அதில் நாம் எத்தனை பேர் என்பதே.

கப்பல் விளம்பரங்களிற் கொட்டை எழுத்தில் அச்சாவது டன் கணக்கு. இந்த டன் எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உட்புறக் கொள்ளளவைக் குறிப்பது. பழைய முறைப்படி 100 கன அடி கொண்டது ஒரு டன். நாடகக் கொட்டகை, போஜன மண்டபம், கடைவீதி, இயந்திரசாலை எல்லாம் அதில் அடக்கம். ஆகவே டன் ஏறினால் நம் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரமும் ஏறும் என்று எண்ணுவதற்கு நியாயம் இல்லை.

குறைந்த கட்டணத்திற் கிடைப்பது பெரும்பாலும் 'உள்ளறை'. கப்பலின் இரு விலாப்புறங்களிலும் நெடுக அறைகள் உண்டு. அவற்றுக்கு உட்புறமாக வலத்திலும் இடத்திலும் இரண்டு நடைபாதைகள் செல்லும். கடற்புறத்து அறைகளுக்குச் சாளரமோ பால்கனியோ இருக்கும். இரண்டு நடைபாதைகளுக்கும் நடுவே அகப்பட்ட அறைகளே உள்ளறைகள். கப்பல் அகலமாக அகலமாக நடுவில் இடம் மிகும். அவ்விடத்தை வீணாக்காமல் விற்பதற்கு வந்தவை இவை. உள்ளறை இன்றிக் கப்பல் கட்ட இயலாது என்பதன்று. 1984 இல் வந்த 'ராயல் பிரின்ஸஸ்' கப்பலில் எல்லா அறைகளும் கடலை நோக்கியே அமைந்திருந்தன. அப்படிக் கட்டினால் கட்டணம் உயரும், அவ்வளவே.

இனி அளவுகளை ஒப்பிடுவோம். 1990 ஆம் ஆண்டில் இரண்டு கப்பல்கள் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கின. ஒன்று கார்னிவல் நிறுவனத்தின் 'ஃபேன்டஸி'. சுமார் 70,000 டன். அதன் உள்ளறை 185 சதுர அடி. மற்றொன்று ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பிரான்சு தேசத்திற் கட்டப்பெற்ற 'நார்டிக் எம்ப்ரஸ்'. சுமார் 48,500 டன். இதன் சாதாரண உள்ளறை 130 சதுர அடியை எட்டாது. இந்த நார்டிக் எம்ப்ரஸே பிற்காலத்தில் மும்பைக்கு வந்த எம்ப்ரஸ். ஒரே ஆண்டில் வந்த இரு கப்பல்களில் ஏன் இவ்வளவு வேற்றுமை? பிரயாணி பகலெல்லாம் மேல்தளத்திலும் கூடங்களிலும் கழிப்பான், அறை உறங்கவும் உடை மாற்றவுமே என்பது ஒரு கட்சி. பணம் கொடுத்தவன் கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டி இருக்கவும் இடம் வேண்டும் என்பது மற்றொரு கட்சி. எந்தக் கட்சியின் கப்பலில் ஏறுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு ஏறவேண்டும்.

பெரிய கப்பல்களின் கதை இன்னும் விந்தையானது. 2009 இல் வந்த 'ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்' 2,25,000 டன்னுக்கு மேற்பட்டது; ஃபேன்டஸியைப் போல மும்மடங்கு. ஆனால் அதன் சிறிய உள்ளறை சுமார் 150 சதுர அடியே. 2024 இல் அதனினும் பெரிதாக வந்த 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலிலும் உள்ளறை 156 சதுர அடி அளவிலேயே நிற்கிறது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் பெருமை வாய்ந்த 'குயீன் மேரி 2' கப்பலில் 159 சதுர அடி. டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களைப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். 1998 இல் வந்த 'மேஜிக்' சுமார் 83,000 டன். சாதாரண உள்ளறை 184 சதுர அடி. 2011 இல் வந்த 'ட்ரீம்' சுமார் 1,30,000 டன். உள்ளறையோ 169 சதுர அடி. ஒரே வீட்டுப் பிள்ளைகள்; தம்பி வளர்ந்தான், அவன் அறை சுருங்கிற்று.

சதுர அடி என்றால் மனத்திற் படம் எழாது. மும்பை அன்பர்கள் வொர்லியிலும் நாய்காமிலும் உள்ள பழைய பி.டி.டி. சால்களை அறிவார்கள். அவற்றில் ஓர் அறை 160 சதுர அடி. அதில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தது. ஆகவே 150, 160 சதுர அடியைக் கண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கப்பற் கணக்கில் குளியலறையும் துணி அலமாரியும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அவற்றைக் கழித்து, கட்டிலையும் கழித்தால், மிஞ்சுவது நடக்க ஒரு வழி மட்டுமே.

இனித் தலைக்கணக்கு. இது நம் தொழிலோடு ஒட்டியது. பெரம்பூர்த் தொழிற்சாலையில் 2018 வரை செய்யப்பெற்ற பழைய வகை ஸ்லீப்பர் பெட்டி 21.3 மீட்டர் நீளமும் 3.25 மீட்டர் அகலமும் கொண்டது. ஏறத்தாழ 745 சதுர அடி. அதில் 72 பேருக்குப் படுக்கை. தலைக்குப் பத்துச் சதுர அடி, நடைவழியும் கழிவறையும் உட்பட. 150 சதுர அடி உள்ளறையில் இருவர் தங்கினால் தலைக்கு 75. நால்வர் தங்கினால் 37½. கட்டணம் குறைகிறதே என்று மூன்றாமவரையும் நான்காமவரையும் சேர்க்கும்போது, நாம் பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்கு இறங்கிவிடுகிறோம். மற்றொரு வேடிக்கை பாருங்கள். 2010 இல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனியாகப் பிரயாணம் செய்வோர்க்கென்றே 128 சிற்றறைகள் அமைத்தார்கள். ஒவ்வொன்றும் 100 சதுர அடி. நாம் இதுவரை சொன்னவற்றுள் மிகச் சிறிய அறை அதுவே. ஆனால் தலைக்கணக்கில் முதலிடமும் அதற்கே.

அளவோடு வெளிச்சமும் ஒரு பிரச்சினை. நம் குடியிருப்பைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, அயல்நாட்டுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்றில், நால்வராக ஓர் உள்ளறையில் நான்கு இரவுகள் தங்கித் திரும்பியது. மகன், மருமகள், பேரன், எழுபது வயது கடந்த பாட்டியம்மாள். பாட்டியம்மாள் உணவைக் குறை சொல்லவில்லை. குளிரைக் குறை சொல்லவில்லை. "விடிந்ததா, இல்லையா என்றே தெரியவில்லை தம்பி. நாலு நாளும் பேரனை எழுப்பி மணி கேட்டேன், பாவம், குழந்தை தூங்கவில்லை" என்றார். நாள்தோறும் விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்ட கண்களுக்குச் சாளரமில்லாத சுவர் எவ்வளவு பெரிய குறை என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

கப்பல் நிறுவனங்களும் இதை அறியாமல் இல்லை. மேற்சொன்ன 'ட்ரீம்' கப்பலின் உள்ளறைச் சுவரில் வட்டச் சாளரம் போன்ற ஒரு திரை உண்டு. வெளியே பொருத்திய காமிரா காட்டும் கடல் அதில் அப்படியே தெரியும். 2014 இல் ராயல் கரீபியன், தரையிலிருந்து கூரை வரை உயர்ந்த திரையைச் சில உள்ளறைகளில் அமைத்தது. 1999 இல் வந்த 'வாயேஜர் ஆஃப் த சீஸ்' கப்பலிலோ, சில உள்ளறைகளுக்குக் கப்பலின் நடுவிலுள்ள கடைவீதியை நோக்கிச் சாளரம் வைத்தார்கள். இவ்வசதிகள் இல்லாத கப்பலிலும் ஓர் உபாயம் உண்டு. பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியில் கப்பலின் முன்புறக் காட்சியை இடைவிடாது காட்டும் அலைவரிசை ஒன்று இருக்கும். ஓசையை அடக்கி இரவு முழுதும் அதை விட்டுவைத்தால், பொழுது விடிவது அறைக்குள் தெரியும்.

முதியோரை அழைத்துச் செல்வோர் மேலும் சிலவற்றை முன்னரே கேட்டறிதல் நலம். நால்வர் அறையில் இரண்டு படுக்கைகள் பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குபவை; ஏணி வைத்து ஏறவேண்டும். ரயிலில் மேல் பெர்த்தை மாற்றிக் கொடுக்க முன்பின் அறியாத புண்ணியவான் ஒருவர் கிடைப்பார். பூட்டிய கப்பல் அறையில் மாற்றிக்கொள்ள நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. சக்கர நாற்காலியில் செல்வோர் இருப்பின் சாதாரண அறை உதவாது. அதன் கதவு சுமார் 2 அடி அகலமே. அகன்ற கதவும் படியில்லாத குளியலறையும் கொண்ட விசாலமான அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சில உண்டு; அவற்றில் உள்ளறைகளும் உண்டு. எண்ணிக்கை குறைவாதலால் முந்திப் பதிவு செய்யவேண்டும். கடலாட்டத்துக்கு அஞ்சுவோர்க்கு, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையே ஏற்றது. அங்கே ஆட்டம் குறைவு. இவ்விஷயத்தில் உள்ளறைக்குக் குறையொன்றும் இல்லை.

கட்டணம் பற்றி ஒரு சொல். கப்பற் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அது ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்ட கணக்கு. ஒருவர் மட்டும் செல்வதாயின் ஏறக்குறைய இருவர் கட்டணமும் கேட்பதுண்டு. வரியும் துறைமுகக் கட்டணமும் பணியாளர்க்குரிய ஊக்கத்தொகையும் தனியே வரலாம். ஆதலால் முகவரிடம் பணம் கட்டுமுன், அறை எண் என்ன, எத்தனை சதுர அடி, குளியலறை உட்பட்டதா, கீழ்ப் படுக்கை எத்தனை, எல்லாம் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு என்ற ஐந்து வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறுங்கள். கப்பலின் தளப்படத்தையும் கேட்டு வாங்கி, அந்த எண்ணுள்ள அறை எங்கிருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

உள்ளறையைப் பழிப்பது நம் நோக்கமன்று. கணவனும் மனைவியுமாக இருவர் மூன்று நாள் சென்று வருவதற்கு அது சிக்கனமான, சௌகரியமான இடமே. கடலைப் பார்க்க மேல்தளம் எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. ஆனால் பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நம்மை ஆளாக்குவதற்காகச் சிறிய அறைகளில் வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். இடம் போதவில்லை என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அவர்களுக்காக அளவு கேட்கவேண்டியவர்கள் நாமே. நால்வருக்கு ஓர் உள்ளறை எடுக்கும் பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்து, அடுத்தடுத்து இரண்டு உள்ளறைகள் எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிடில் ஆறு மாதம் பொறுத்துப் போங்கள். கடல் அங்கேயே இருக்கும்.