நெடியும் மணமும்

மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, அரூர் என்று தருமபுரி மாவட்டத்து ஊர்களில் மாவு மில் வாசலில் தூக்குகளும் அன்னக்கூடைகளும் வரிசை கட்டும். ராகிக்கு ஒரு மிஷின், மிளகாய்க்கு வேறொரு மிஷின். இரண்டையும் மாற்றிப் போட்டால் அடுத்த வீட்டுக் களி காரமாகிவிடும். மிளகாய் மிஷின் ஓடும்போது உள்ளே நிற்பவர்கள் மட்டுமல்ல, தெருவில் போகிறவர்களும் தும்முவார்கள். மில்காரர் மட்டும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சாவகாசமாகக் கப்பியைச் சலித்துக்கொண்டிருப்பார். வருஷம் முழுக்கத் தேவையான குழம்பு மிளகாய்த்தூள் அங்கேதான் பிறக்கிறது.

அந்தத் தும்மலிலிருந்தே தொடங்கலாம். மூக்கில் ஏறும் மிளகாய் நெடியை நாம் வாசனையோடு சேர்த்துப் பேசுகிறோம். உடம்பு அப்படிப் பார்ப்பதில்லை. மல்லியின் மணத்தை அறிவது மூக்கின் உச்சியில் இருக்கும் மோப்ப நரம்புகள். மிளகாய் நெடியை அறிவது சூடு, வலி, எரிச்சல் ஆகியவற்றைச் சொல்லும் நரம்பு. மிளகாயில் இருக்கும் காப்சைசின் எளிதில் ஆவியாகும் பொருளே அல்ல. நுண்ணிய தூசியில் ஏறிப் பயணம் செய்துதான் நம் மூக்கையும் தொண்டையையும் அடைகிறது. அங்கே நரம்பு முனைகளில் டிஆர்பிவி-1 என்ற புரதம் ஒன்று இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியசைத் தாண்டிய சூடு பட்டால் திறந்துகொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குத் தகவல் அனுப்புவது அதன் வேலை. காப்சைசின் அந்தக் கதவைக் கள்ளச்சாவி போட்டுத் திறந்துவிடுகிறது. சூடே இல்லாமல் சுடுகிறது. மூளையும் நம்பி மூக்கை ஒழுக விட்டு, கண்ணில் நீர் வரவழைத்து, தும்ம வைக்கிறது. 1997-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டவர் அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பறவைகளுக்கும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் அவற்றின் புரதம் காப்சைசினுக்கு மசிவதில்லை. காட்டு மிளகாயின் கணக்கு இதில்தான் இருக்கிறது. பழத்தைத் தின்னும் எலி விதையையும் கடித்து நொறுக்கிவிடும். பறவையோ விதையை முழுசாக விழுங்கி, தொலைவில் எச்சத்தோடு போட்டுவிடும். எலிக்கு எரிய வேண்டும், பறவைக்கு எரியக் கூடாது. தென் அமெரிக்கக் காடுகளில் எலியை விரட்டுவதற்காக உருவான பொருளை நாம் கிலோக் கணக்கில் காயவைத்து அரைத்துத் தின்கிறோம் என்பது அந்தச் செடி எதிர்பார்க்காத திருப்பம்.

தருமபுரிக்கும் அது பழைய விருந்தாளி அல்ல. தகடூரை அதியமான் ஆண்ட காலத்தில் இந்த மண்ணில் காரம் என்றால் மிளகுதான். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கடல் வழியே கொண்டுவந்த பிறகே மிளகாய் இங்கே வந்தது. அதியமானோடு உட்கார்ந்து உண்ட ஔவையாருக்கு மிளகாய் என்ற ஒன்றையே தெரிந்திருக்காது. இன்று நாம் ‘நம்ம ஊர் மசாலா’ என்று சொல்லும் பொடியில் மல்லியும் சீரகமும் வெந்தயமும் மத்தியதரைக் கடல், மேற்கு ஆசியப் பக்கத்துச் சரக்கு. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வருவது. இந்திய மண்ணில் அதைப் பயிரிடும் முயற்சியே 2020-இல்தான் இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. மிளகும் மஞ்சளும் கறிவேப்பிலையும் மட்டும் பக்கத்துச் சொந்தங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் ஆப்பிரிக்கர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், பூர்வகுடிகள் எல்லோருடைய சமையலும் கலந்து கிரியோல் மசாலா என்று ஒன்று உண்டானதைப் பெரிய கலப்புக் கதையாகச் சொல்வார்கள். நம் அஞ்சறைப் பெட்டியும் அதற்குச் சளைத்ததல்ல.

சரி, மணத்துக்கு வருவோம். மல்லி விதையைக் கையில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. விரலால் நசுக்கினால் கமகமக்கும். விதைக்குள் நுண்ணிய எண்ணெய்க் குழாய்களில் மணம் அடைபட்டிருக்கிறது. அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் லினாலூல் என்ற ஒரே பொருள். சீரகத்துக்கு அதன் பெயரைத் தாங்கிய கியூமினால்டிஹைடு. இவை எல்லாம் காற்றில் கலந்து ஓடத் துடிக்கும் சிறு மூலக்கூறுகள். ஓடினால்தான் நம் மூக்குக்கு எட்டும், ஓடிவிட்டால் பொடியில் மிஞ்சாது. மிளகாய்த்தூள் செய்கிறவர்களின் பக்குவம் எல்லாம் இந்த ஓட்டத்தை எப்போது விடுவது, எப்போது தடுப்பது என்பதுதான்.

முதல் வேலை காயவைத்தல். மொட்டை மாடியில் வேட்டியோ பழைய சேலையோ விரித்து மிளகாயைப் பரப்புகிறோம். காலையில் வாங்கியது காய்ந்த மிளகாய்தானே, மறுபடி எதற்கு வெயில்? மூட்டையில் இருந்த மிளகாய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வளைத்தால் தோல்போல் மடங்கும். அப்படியே அரைத்தால் மிஷினில் ஒட்டும், தூளும் கட்டி தட்டும். அதைவிட முக்கியம் பூஞ்சணம். ஈரம் மிச்சமிருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. சமையல் சூட்டில் அது முழுதாக அழியாது. வெயில் தாழ்ந்ததும் பனி படுவதற்குள் அள்ளி உள்ளே வைக்கச் சொல்வதற்கும், காம்பு கறுத்ததையும் தோல் வெளுத்ததையும் பொறுக்கி எறிவதற்கும் காரணம் இதுதான். உடைத்தால் ‘படக்’ என்று ஒடிய வேண்டும். உள்ளே விதை கலகலவென்று ஆட வேண்டும். அதற்கு மேல் வெயிலில் விட்டாலும் நஷ்டம்தான்: மிளகாயின் சிவப்பு நிறமிகள் வெளிச்சத்தில் சிதைந்து வெளுக்கத் தொடங்கும்.

மல்லியைச் சில வீடுகளில் வெயிலில் காயவைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சில வீடுகளில் வறுப்பார்கள். இரண்டும் வேறு வேறு பொடிகள். வெயில் ஈரத்தை எடுக்கும், புதிதாக எதையும் உண்டாக்காது. வாணலி புதுமணங்களைப் படைக்கும். சூடு சுமார் 140 டிகிரியை நெருங்கும்போது பருப்பிலும் விதையிலும் உள்ள புரதத் துணுக்குகளும் சர்க்கரையும் சேர்ந்து மெய்லார்ட் வினை வேகம் எடுக்கிறது. கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் பொன்னிறமாவதும், வறுத்த வாசனை எழுவதும் அதன் வேலை. ஆனால் அதே சூட்டில் சீரகத்தின் சொந்த மணம் பறந்துவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக் கூடாது. பருப்பு நின்று நிதானமாக வறுபட வேண்டும். சீரகமும் மிளகும் வாணலியின் சூட்டில் புரண்டாலே போதும். வெந்தயம் இந்த இரண்டுக்கும் நடுவில்: செம்மை தட்டியதும் இறக்க வேண்டும், ஒரு நிமிஷம் தவறினால் மொத்தத் தூளும் கசக்கும்.

வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோடலோன் பற்றி ஒரு கதை சொல்லாமல் தாண்ட முடியாது. 2005-இல் நியூயார்க் நகரத்தின் சில பகுதிகளில் திடீரென்று மேப்பிள் மரப் பாகு வாசனை அடித்தது. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் அச்சம் மாறாத ஊர். இனிப்பு வாசனையைக்கூட விஷவாயுவோ என்று சந்தேகித்து மக்கள் போன் செய்தார்கள். வாசனை வந்தது, போனது, மறுபடி வந்தது. காற்றுத் திசையைக் கணக்குப் போட்டுத் துரத்திய அதிகாரிகள் 2009-இல் விடையை அறிவித்தார்கள்: ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சியில், ஓர் ஆலையில் வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சோடலோன் மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். நிறைய வெந்தயம் தின்றவரின் வியர்வையிலும் அது எட்டிப்பார்க்கும். இரண்டு கிலோ தூளுக்கு ஒரு பிடி வெந்தயம் போதும் என்று பாட்டிமார் கையை இறுக்கிப் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

அரைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மல்லி விதை 4 மில்லிமீட்டர் உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 0.2 மில்லிமீட்டர் துகள்களாக அரைத்தால் 8,000 துகள்கள் கிடைக்கும். காற்றில் படும் மொத்தப் பரப்பு 20 மடங்காகும். விதை மாதக்கணக்கில் காத்துவைத்த எண்ணெய்க்கு இப்போது சுவரும் இல்லை, கதவும் இல்லை. அதோடு மிஷினின் உராய்வுச் சூடு வேறு. மில்லிலிருந்து வாங்கும் தூள் கையில் சுடும். மில் முழுக்கக் கமகமக்கும் மணம் உண்மையில் நம் தூக்கிலிருந்து போன மணம். பெரிய மசாலா ஆலைகள் சிலவற்றில் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிரவைத்து அரைப்பது இந்த இழப்பைத் தடுக்கத்தான். நமக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் கொட்டி ஆறவிடுவோம். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளிருக்கும் நீராவி மூடியில் வியர்த்துத் தூளிலேயே சொட்டும். பத்து நாள் வெயிலில் விரட்டிய ஈரம் பின்வாசல் வழியாகத் திரும்பிவிடும்.

மஞ்சள் பற்றியும் ஒரு வார்த்தை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அது வயல் பயிர். வேகவைத்து உலர்த்திய விரலி மஞ்சள் கல்போல் இறுகியிருக்கும். உரலில் தட்டி உடைத்துத்தான் மில்லுக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மில்காரர் முறைப்பார். அதன் நிறமான குர்க்குமின் காரத்தன்மையுள்ள பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தி எடுக்கும் ஒவ்வொரு வீடும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்ததுதான்.

இந்தத் தூள் போய்ச் சேர்வது பெரும்பாலும் புளிக்கரைசலில். புளி தருமபுரி மாவட்டத்தின் பேர்பெற்ற சரக்கு. அதே மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியதாகத் தெரிந்தது. நல்ல தண்ணீருக்குப் புளிக்குழம்பு மாற்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனாலும் தருமபுரிக்காரர்களுக்குச் சுவாரசியமான சேதி.

குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது அது செக்கச் சிவந்திருப்பது ஏன்? காப்சைசின், குர்க்குமின், மிளகாயின் நிறமிகள் எல்லாம் தண்ணீரில் கரையாமல் எண்ணெயில் கரைபவை. காரம் தாங்காமல் தண்ணீர் குடித்தால் எரிச்சல் தீராததும் இதனால்தான். மோர் தீர்க்கும், அதிலுள்ள கேசின் புரதம் காப்சைசினைப் பற்றி இழுத்துக்கொள்ளும்.

அடுத்த மாசி நெருங்கும்போது டப்பாவின் அடியில் கிடக்கும் தூளை முகர்ந்து பாருங்கள். லினாலூலும் கியூமினால்டிஹைடும் பெரும்பாலும் போயிருக்கும். ஆவியாகாத காப்சைசினும் மிளகின் பைப்பரினும் ஓரளவு அப்படியே இருக்கும். குழம்பு சப்பென்று இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி அள்ளிப்போட்டால் எரிச்சல்தான் கூடும், மணம் கூடாது. அரைக் கைப்பிடி மல்லியும் கொஞ்சம் சீரகமும் வாணலியில் லேசாகப் புரட்டி, அம்மியில் தட்டி, இறக்கும் நேரத்தில் தூவினால் போதும்.