படவேட்டிலிருந்து பார்த்தால் துக்ளக்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது படவேடு. சந்தவாசல் தாண்டினால் சாலையோரமெல்லாம் வாழைத்தோப்பு, தலைக்கு மேலே ராஜகம்பீரன் மலை. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாளைக் கும்பிட வரும் கூட்டத்தில், இது சம்புவராயர்களின் தலைநகரமாக இருந்த ஊர் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் சிலரே. 14ஆம் நூற்றாண்டில் தெற்கில் டெல்லியின் பிடி தளர்ந்தபோது அவர்கள் இங்கே தலையெடுத்தார்கள். அந்தப் பிடியைத் தளர்த்தியதில் பெரும்பங்கு டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்குக்கே உண்டு.

துக்ளக் என்றால் நமக்குச் சோவின் நாடகமும், 1971இல் வந்த படமும்தான். ‘துக்ளக் தர்பார்’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். கிறுக்கன் என்று ஒதுக்கிவிட்டால், மக்கள் அவரை எதற்காக வெறுத்தார்கள் என்பது மறைந்துபோகிறது. தலைநகரை மாற்றிய கதையை விட்டுவிடுவோம். என்னைக் கேட்டால், அந்த வெறுப்பு முளைத்த இடம் வயல்.

கங்கைக்கும் யமுனைக்கும் நடுவிலுள்ள செழிப்பான பூமியில் வரியை ஏற்றினார். அதே சமயம் மழையும் பொய்த்தது. வீடுகளை எண்ணி, மாடுகளுக்குச் சூடுபோட்டுக் கணக்கெடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் யாஹ்யா சிர்ஹிந்தி எழுதுகிறார். விளைந்ததைக் கொளுத்திவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, குடியானவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்களைத் தேடிப் படை போனது. தன் கையால் விதைத்ததற்குத் தானே தீ வைக்க வேண்டுமானால், அந்த மனிதனின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

1330 வாக்கில் வந்தது செம்பு, பித்தளை நாணயம். வெள்ளித் தங்காவின் மதிப்பு அதற்கும் உண்டு என்று உத்தரவு. சுல்தானுக்குக் கீழ்ப்படிகிறவன் இறைவனுக்குக் கீழ்ப்படிகிறான் என்ற பொருளில் காசிலேயே வாசகம் பொறித்தார்கள். ஆனால் கள்ளக்காசைத் தடுக்க வழி செய்யவில்லை. உலை வைத்திருந்தவனெல்லாம் காசு அடித்தான். ஜனங்கள் வரியைச் செம்பில் கட்டினார்கள், வெள்ளியைப் பானையில் போட்டுப் புதைத்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் காசைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. செம்பை வாங்கிக்கொண்டு கஜானா வெள்ளியைக் கொடுத்தது. துக்ளகாபாத்தில் செம்புக்காசு மலைபோலக் கிடந்ததாம்.

போரும் இதே கதைதான். குராசான் மீது படையெடுக்க 3,70,000 பேரைச் சேர்த்து, ஒரு வருடச் சம்பளம் கொடுத்து, படை கிளம்பாமலே கலைத்தார்கள். இமயமலைப் பக்கம் கராசிலுக்குப் போன சேனையில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1335இல் மதுரையின் ஆளுநரே தன்னைச் சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். அடக்கக் கிளம்பிய துக்ளக்கின் படையை வழியிலேயே கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. பாதி வழியில் திரும்பியவர், தமிழ்நாட்டை மீட்க மறுபடி வரவே இல்லை.

காலத்தை மீறிச் சிந்தித்தவர் அவர் என்றும், வரலாறு எழுதிய பரணிக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது என்றும் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும்.

என்னை உறுத்துவது வேறு. பஞ்சம் முற்றிய பிறகு துக்ளக் விவசாயக் கடன் கொடுத்தார். சோந்தர் என்று அதற்குப் பெயர். கிணறு வெட்டவும் விதை வாங்கவும் கொடுத்த பணம் பலருக்கு அடுப்பெரிக்கவே சரியாய்ப் போனது. பின்னால் வந்த பிரோஸ் ஷா அந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது.

இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டே மலையேறினேன். ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு சரிவில் சாமைக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லாத இடங்களும் இருந்தன. காட்டுக்காரப் பெரியவர் ஒரு கதிரைக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தார். கடுகளவு மணிகள், பாதி பதர். துக்ளக் கொடுத்த கடனைப் பற்றிச் சொன்னேன்.

“எப்ப குடுத்தாரு?” என்று கேட்டார்.

“பஞ்சம் வந்த பிறகு.”

“அப்ப அது சோத்துக்குத்தான் சார் போவும். வெதைக்கணும்னா ஆடிக்கு முன்னால இல்ல குடுக்கணும்?”

சொல்லிவிட்டு, என் கையிலிருந்த மணிகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.