பனியில் புதையாத வண்டி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பனி ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்கு மாவுபோல் குவியும். சமதளப் பாதைக்கென்று செய்த ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி அங்கே போனால் புதைந்துவிடும். 1959-இல் கியூபெக்கின் ஜோசப் அர்மான் பொம்பார்டியே விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கீ-டூ முதல் இன்றுவரை, இந்த வண்டியைத் தாங்குவது அடியில் சுழலும் ரப்பர் பட்டைதான். அதனால் பலர் 121 அங்குலப் பட்டையைக் கழற்றிவிட்டு 144 அங்குலப் பட்டை மாட்டுகிறார்கள். சுற்றளவு 23 அங்குலம் கூடினாலும், பனியைத் தொடும் நீளம் ஏறக்குறைய அதில் பாதிதான் கூடும். அந்தப் பாதியே எடையைப் பரப்பி வண்டியை மிதக்க வைக்கிறது!

பட்டையை மட்டும் மாற்றினால் போதாது. அதைத் தாங்கும் தண்டுகளையும் நீட்ட வேண்டும். பின்புற மூடியும் நீள வேண்டியிருக்கும். முக்கியமாக, புதிய பட்டையின் பல் இடைவெளி, அதை இழுக்கும் சக்கரத்தோடு பொருந்த வேண்டும். எஞ்சினுக்குச் சுமை கூடுவதால் பல்சக்கர விகிதத்தையும் மாற்றுவார்கள். நீண்ட பட்டை வளைவுகளில் எளிதில் திரும்பாது. கெட்டியான பாதையில் மட்டும் ஓட்டுபவருக்குக் குட்டைப் பட்டையே நல்லது.